பலகை வேறு, பூட்டு வேறு

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடி விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்கள் சொன்னதையெல்லாம் நாங்கள் எழுதிவைத்து வருகிறோம். உள்குத்தகை, ஒரே அறைக்குள் அளவுக்கு மீறி ஆட்களை உட்கார வைப்பது, காயம்பட்டவரின் சாதி தெரிந்ததும் பேச்சுவார்த்தை எப்படி மாறுகிறது என்பது. பெயரை எடுத்துவிட்டுத்தான் போட்டோம். ஆனால் ஊரும் வயதும் எந்தக் கை வெந்தது என்பதும் இருந்தால் போதாதா, ஃபோர்மேனுக்கு ஆளைத் தெரிந்துவிடும். இப்போது அந்தப் பக்கங்களை அள்ளிப்போக ஏஐ நிறுவனங்களின் கிராலர்கள் வருகின்றன. விடுவதா, தடுப்பதா என்று எங்களுக்குள் இரண்டு மாதம் சண்டை.

முழுசாக மூடிவிடலாம் என்றவர்களுக்கு எங்கள் பதில் வரலாற்றில் இருந்தது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களை நிறுத்தி மூக்கையும் தலையையும் அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1907 ஜூன் 19 அன்று, அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிவிட்டார். பண்டிதர் 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து அவருடைய எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டு! தர்ஸ்டனோ இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறார். நாம் கதவை அடைத்துக்கொண்டால் எந்திரம் நம்மைப் பற்றி யாரிடம் படிக்கும்? அளந்தவரிடம்தான்.

கதவு என்கிறோமே, அது என்ன கதவு? 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்ற டச்சுக்காரர் ஒரு வழக்கத்தை முன்வைத்தார். தளத்தின் வாசலில் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்று ஒரு சின்னக் கோப்பு; எந்த நிரல் எந்தப் பக்கத்துக்குள் வரக்கூடாது என்று அதில் எழுதி வைக்கலாம். 2022 செப்டம்பரில்தான் அது முறையான இணையத் தரநிலை ஆவணமானது. அந்த ஆவணமே, இது அனுமதி வழங்கும் ஏற்பாடு அல்ல என்கிறது. அதாவது, பலகைதான், பூட்டு இல்லை. மதிக்கிறவன் மதிப்பான். பலகையைத் தாண்டுகிறவனுக்கு அதுவே எங்கே எது இருக்கிறது என்று வழிகாட்டவும் செய்யும்.

(எங்கள் தாத்தாக்கள் காலத்துக் கோயில் வாசலில் பலகையைவிட அடியாள்தான் வேலை செய்தான். இங்கே அடியாளும் இல்லை.)

2023 ஆகஸ்டில் ஓபன்ஏஐ தன் கிராலரின் பெயர் ஜிபிடிபாட் என்று அறிவித்து, வேண்டாதவர்கள் தடுக்கலாம் என்றது. அடுத்த மாதமே கூகுள், 'கூகுள்-எக்ஸ்டெண்டட்' என்ற தனிப் பெயரைத் தந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெயரைத் தடுத்தாலும் கூகுள் தேடலில் நாம் காணாமல் போக மாட்டோம். கூகுள்பாட்டைத் தடுத்தால் போய்விடுவோம். கோபத்தில் எல்லாவற்றையும் தடுத்த நண்பர் ஒருவரின் தளத்தை இன்று அவருடைய ஊர்க்காரர்களே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொன்று, அறிவிப்புக்கு முன் அள்ளியதைப் பலகை திருப்பித் தராது. காமன் கிரால் 2008 முதலே இணையத்தைச் சேமித்து வருகிறது.

கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், மாவட்டத்தின் நிலப் போராட்டங்கள் பற்றிய கட்டுரைகள் எல்லாருக்கும் திறந்தே இருக்கும், எந்திரம் உட்பட. எடுத்துப் போகட்டும், தர்ஸ்டனுக்குப் பக்கத்தில் அதுவும் கிடக்கட்டும். தொழிலாளர் வாக்குமூலங்களுக்குப் பலகையை நம்பவில்லை. கடவுச்சொல் போட்டுவிட்டோம். வழக்கறிஞரோ ஆய்வாளரோ கேட்டால், சொன்னவரிடம் முதலில் கேட்டு, அவர் சரி என்றால்தான் தருகிறோம். போன வாரம் திருத்தங்கல் பக்கத்து அக்கா ஒருவர், தன்னுடையதை அடியோடு எடுத்துவிடச் சொன்னார். மகளுக்கு அதே ஆலையில் வேலை கிடைத்திருக்கிறதாம். எடுத்துவிட்டோம்.