இலண்டன் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய்கள்

1801ஆம் ஆண்டிற் சுமார் 10 இலட்சமாயிருந்த இலண்டன் மாநகரின் சனத்தொகை, 1851இல் 23 இலட்சத்தைக் கடந்தது. வீடுகளின் கீழிருந்த மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. அவற்றை ஒழித்துக் கழிவைத் தெரு வடிகால்களில் விடுமாறு அதிகாரிகள் 1848 முதலாகக் கட்டளையிட்டனர். வடிகால்களோ தேம்சு நதியிற் சென்று முடிந்தன. மக்கள் பலர் பருகிய நீரும் அந்நதியினின்றே எடுக்கப்பட்டது. முற்றத்தைக் கூட்டிக் குப்பையைக் கிணற்றிற் கொட்டியது போன்ற செயல் அது. 1848-49இற் கொலரா அந்நகரில் ஏறக்குறைய 14,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது.

துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கொள்கை. 1854இல் யோன் சினோ என்னும் வைத்தியர், புறோட் வீதியிலிருந்த பொதுப் பம்பியைச் சூழ இறந்தோரின் வீடுகளை ஆராய்ந்து, நோய் குடிநீரிலேயே பரவுகின்றதெனக் காட்டினார். ஏற்றவர் சிலரே. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்துட் புகுந்தது. பல்லாண்டு இழுபட்ட விடயம் சில கிழமைகளிற் சட்டமாயிற்று. ஏழைகளின் சாவு செய்யாததை உறுப்பினரின் மூக்குச் செய்தது!

பொறியியலாளர் யோசேப்பு பசல்ஜெற் 82 மைல் நீளமான பெருங்கால்வாய்களைச் செங்கல்லாற் கட்டி, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்று, நீர் வற்றுகையிற் கடல்நோக்கிச் செல்ல விடுத்தார். நாற்றத்தை அகற்றுதற்கென எழுந்த அவை குடிநீரையும் காத்தன. 1866இற் கொலரா மீண்டும் வந்தபோது, புதிய அமைப்பு முற்றுப்பெறாதிருந்த கிழக்கு இலண்டனிலேயே மிகப் பலர் மாண்டனர். அப்பகுதிக்கு வடிகட்டாத நீரும் குழாய்வழி வழங்கப்பட்டமை விசாரணையில் வெளிப்பட்டது. முன்னர்த் துர்நாற்றக் கொள்கையினரான புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார், சினோவின் கருத்தை அப்போது ஏற்றார். சினோ 1858இலேயே இறந்துவிட்டார்.