பரங்கிமலைச் சிலுவையெழுத்தும் அதனைப் படித்தோரும்

கல்குளம் வட்டத்தில் வள்ளியாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள கடியப்பட்டணம், 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிசு சவேரியார் திருமுழுக்கு அளித்துச் சென்ற முக்குவர் ஊர்களுள் ஒன்றாகும். ஒரே திங்களில் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் முழுக்குப் பெற்றனர் என்று அவரே தம் கடிதத்தில் வரைந்துள்ளார். அவர் வருதற்கு முன்பே இப்பகுதியில் தோமா என்னும் அப்போஸ்தலரைப் பற்றிய செவிவழி வழக்கு உண்டு. திருவிதாங்கோட்டிலுள்ள பழங்கோயிலை அவர் எடுத்ததாக இன்றும் கூறுவர். சவேரியார் மறு ஆண்டிலே மயிலாப்பூர் போந்து, தோமாவின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்திற் சில திங்கள் தங்கினார். அவர் அங்கு நின்றும் நீங்கி ஈராண்டு கழிந்தபின், அவ்வூரை அடுத்த பரங்கிமலையில் ஒரு கல் வெளிப்பட்டது. எழுத்தறியாதார் கையில் ஓர் எழுத்து என்ன பாடு படும் என்பதற்கு அக்கல்லின் வரலாறு தக்க சான்றாம்.

1547-இல் போர்த்துக்கேசியர் அம்மலையில் ஒரு சிறு கோயிலுக்குக் கடைகால் எடுத்தபோது, சிலுவையும் அதன்மேற் புறாவும் புடைப்பாகச் செதுக்கப்பெற்ற கல் ஒன்று கிடைத்தது. அதனைச் சூழ வளைவாக ஒரு வரி எழுத்து உளது. அது தமிழன்று, கிரந்தமன்று, சிரியமுமன்று. படிப்பார் ஒருவரும் இலர். 1558 டிசம்பர் 18-ஆம் நாள் வழிபாட்டின்போது அக்கல் குருதி வியர்த்தது என்ற செய்தி பரவியதும், எழுத்தின் பொருளை அறியும் வேட்கை மிகுந்தது. 1561-இல் நரசிங்க நாடென அவர் வழங்கிய விசயநகரப் பகுதியினின்று கற்றார் ஒருவராகிய அந்தணரை அழைப்பித்தனர்.

அவ்வந்தணர் நெடியதொரு வரலாற்றைப் படித்துக் காட்டினார். கன்னியிடத்துக் கடவுளின் மைந்தர் பிறந்ததும், அவருடைய பன்னிரு மாணாக்கருள் ஒருவர் மயிலாப்பூர் வந்து கோயில் எடுத்ததும், அரசர் பலர் அவர் நெறியைத் தழுவியதும், அவர் கொலையுண்டு இறந்ததும் அக்கல்லில் உளவாம். இத்துணைப் பெரிய கதை அத்துணைச் சிறிய வரியில் அடங்குமாறு எங்ஙனம் எனின், இவ்வெழுத்துக்கள் ஒவ்வொன்றும் பத்தும் இருபதுமான சொற்களைத் தன்னகத்தே அடக்கியவை என்று அவர் விடையிறுத்தார். பின்னர் வேற்றூரிலிருந்து வந்த மற்றோர் அந்தணரும், முன்னவரை அறியாதவராயிருந்தும், அவ்வாறே படித்தனர் எனப் போர்த்துக்கேசியர் எழுதி வைத்தனர். ஏறத்தாழ முந்நூறாண்டு இவ்வுரை ஐரோப்பிய நூல்களில் மெய்யென நின்றது.

சிவஞானசித்தியாரின் அளவையியலைப் பயின்றார்க்கு இதன் குறை உடனே புலனாகும். உரையளவைக்கு ஆத்தன் வேண்டும். கருதலளவைக்கு ஏது வேண்டும். ஓர் எழுத்து ஓரிடத்தில் ஒரு பொருள் தருமாயின், அதுவே மீண்டும் வருமிடத்தும் அதற்கியைந்த பொருளைத் தருதல் வேண்டும். அந்தணர் உரையில் அந்நெறி காட்டப்படவில்லை. இன்ன குறிக்கு இன்ன சொல் என அவர் பகுத்துரைத்ததாகச் செய்தி இல்லை. இருவர் ஒத்துரைத்தனர் என்பது மட்டுமே சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆயின் அவ்விருவரையும் அழைத்தவர் ஒரு சாராரே. அவர் கேட்க விரும்பிய கதையோ அவ்வூரில் எல்லாரும் அறிந்ததே. அந்தணரை வஞ்சகர் எனல் வேண்டா. அதிகாரமுடையார் வினவும்போது 'அறியேன்' என்று கூறும் துணிவு எளிதில் வாராது.

1873-இல் ஏ. சி. பர்னல் இதனை ஆராய்ந்தார். தென்னிந்தியப் பழைய எழுத்துக்களைப் பற்றி அடுத்த ஆண்டில் நூல் வெளியிட்டவரும், தஞ்சை அரண்மனை வடமொழி ஏடுகளுக்கு அட்டவணை வகுத்தவரும் இவரே. கல்லில் உள்ளது பாரசீகத்தில் சாசானியர் காலத்து வழங்கிய பஹ்லவி எழுத்து என்றும், வாசகம் ஒரே ஒரு தொடரே என்றும் அவர் காட்டினார். அவர் கூறியவற்றுள் தலையாய செய்தி மற்றொன்று: இதே தொடர் கோட்டயத்துப் பெரிய பள்ளிச் சிலுவையிலும் உளது. மயிலாப்பூரில் ஒருவர் இறந்த வரலாற்றைக் கோட்டயத்துக் கல்லும் சொல்லுக்குச் சொல் கூறும் என்பது பொருந்துமோ? பின்னர் முட்டுச்சிறை, கடமற்றம் ஆகிய ஊர்களிலும் இத்தகைய சிலுவைகள் அறியப்பட்டன.

பர்னல் கொண்ட பொருளை ஹௌக் திருத்தினார். வெஸ்ட் அதனையும் மாற்றினார். மோதியும் விங்க்வொர்த்தும் வேறு கூறினர். கிறித்து பெருமானே, இதனைச் செய்தவனுக்கு இரங்குக என்பதுபோன்ற வேண்டுகோளே அது என விங்க்வொர்த் கொண்டார். 2002-இல் இத்தாலிய அறிஞர் செரெட்டி செய்த ஆராய்ச்சியும் அவ்வழியதே. செய்வித்தவன் பெயரைப் படிப்பதிலும் வினைச்சொல்லைக் கொள்வதிலுமே இருவரும் வேறுபடுவர். அந்தணர் இருவர் முற்றும் ஒத்தனர். பஹ்லவி வல்லார் ஐவர் ஒவ்வாராயினர். ஆயினும் நம்பத்தக்கது இவ்வொவ்வாமையே. அனைவரும் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கின்றனர். ஒருவர் பிழையை மற்றொருவர் சுட்டிக்காட்ட இயலும்.

அமெரிக்காவில் மார்மன் சமயத்தாரிடையே நிகழும் நீண்ட வழக்கும் இவ்வினத்ததே. அச்சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித், வானதூதர் காட்டிய பொற்றகடுகளை 1827-இல் பெற்று, அவற்றிலுள்ள 'திருத்திய எகிப்திய' எழுத்தைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்து, 1830-இல் மார்மன் நூலை வெளியிட்டார். தகடுகளைத் தூதரே மீளப் பெற்றனர் என்பர். கண்டோம் எனச் சான்றளித்தோர் பதினொருவர் கூற்று அந்நூலில் அச்சிடப்படுகின்றது. 1828-இல் மார்ட்டின் ஹாரிஸ் என்பார் அவ்வெழுத்தின் படியொன்றை நியூயார்க்கில் சார்லஸ் ஆந்தன் என்ற பேராசிரியரிடம் காட்டினார். அவர் மெய்யென ஒப்பினார் என்றார் ஹாரிஸ்; ஒப்பவேயில்லை என்று ஆந்தன் 1834-இலும் 1841-இலும் எழுதினார். யார் கூற்று மெய்யாயினும் பயன் சிறிதே. ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தின் திறவைக் கண்டது 1822-இல். அவருடைய இலக்கணம் வெளிவந்தது 1836-இல். இடைப்பட்ட 1828-இல் எகிப்திய எழுத்தைப் படித்து உண்மை கூறவல்லார் அமெரிக்காவில் யார்?

அச்சமயத்து அறிஞர் இக்காலத்துக் கூறும் ஒரு விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. எகிப்தியருடைய தெமோத்திக் எழுத்தில் அரமேய மொழியை எழுதிய ஏடொன்று உளது; அம்ஹெர்ஸ்ட் 63 என்று அதனை வழங்குவர். விவிலியத்து இருபதாம் சங்கீதத்தை ஒத்த பாடல் அதனுள் உண்டு என்பது 1983-இல் காட்டப்பட்டது. ஆகவே செமித்திய மக்கள் எகிப்திய எழுத்தைத் தம் மொழிக்குக் கையாண்டனர் என்பது மெய்யே. ஆயின் அவ்வேடு கண்முன் உளது. வல்லார் எவரும் எடுத்துப் படிக்கலாம். பொற்றகடோ காட்சிக்கு எட்டாதது.

காட்சிக்கு எட்டியது ஒன்றும் உண்டு. 1835-இல் ஸ்மித் எகிப்திய ஏடுகள் சில வாங்கி, அவற்றினின்றும் ஆபிரகாமின் நூலைப் பெயர்த்ததாக 1842-இல் வெளியிட்டார். அக்காலத்து அவர் குழுவினர் எழுதிய குறிப்புக்களில், எகிப்தியக் குறி ஒவ்வொன்றின் எதிரிலும் பல வரி ஆங்கிலம் நிற்கின்றது. பரங்கிமலை அந்தணர் முறையும் இம்முறையும் வேறல்ல. இழந்தன எனக் கருதப்பட்ட ஏடுகளின் துண்டுகள் 1966-இல் நியூயார்க்கு நகரப் பொருட்காட்சிசாலையில் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டில் அச்சமயத்தாரிடம் சேர்ந்தன. படித்தபோது அவை இறந்தோர்க்கு உரிய எகிப்தியச் சடங்கு நூலாயின. துண்டுகளிலுள்ள எழுத்து ஆபிரகாம் நூலின் மொழிபெயர்ப்போடு பொருந்தவில்லை என 2014-இல் அச்சமயத்தாரே எழுதி வெளியிட்டனர். நூலின் மெய்ம்மை ஏட்டைச் சார்ந்ததன்று, அருளைச் சார்ந்தது என்பது இப்போது அவர் கொள்கை. அவ்வொப்புதலைச் செய்தமைக்காக அவரைப் பாராட்டலாம்.

தமிழ்நாட்டு வரலாற்றிலும் எழுத்து வாய் திறவாது கிடந்த காலம் உண்டு. மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குகைகளின் வாசகங்கள் 1882 முதல் ஆராய்வார்க்குத் தெரிந்தவையே. ஊரார் அத்தகைய குகைகளைப் பாண்டவர் படுக்கை என்றனர். கற்றார் பிராகிருதமோ என மயங்கினர். 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என எழுத்தும் சொல்லும் பிரித்துக் காட்டினார். சில சொற்களில் அவர் தவறினார். ஐராவதம் மகாதேவன் பின்னர்த் திருத்தினார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் தெளிவானது அத்திருத்தத்தின் வழியே.

சிந்துவெளி எழுத்து இன்னும் அந்நிலையை எய்தவில்லை. 1931-இல் ஜான் மார்ஷல் வெளியிட்ட மொகஞ்சதாரோ முத்திரையொன்றில், விலங்குகள் சூழ அமர்ந்த உருவம் பசுபதியாம் சிவபெருமானது முன்வடிவம் என்று அவர் கருதினார். சைவருள் அதனை விரும்பி மேற்கோள் காட்டாதார் அரியர். ஈராஸ் பாதிரியார் அவ்வெழுத்தைத் திராவிட மொழியாகக் கொண்டு தொடர் தொடராகப் படித்தார். பிற்காலத்தார் அவர் வாசிப்பை ஏற்றிலர். அக்குறிகளைத் தொகுத்து 1977-இல் அட்டவணை வகுத்த மகாதேவனும் எழுத்தைப் படித்துவிட்டதாக உரைக்கவில்லை. 2004-இல் பார்மர், ஸ்ப்ரோட், விட்சல் என்னும் மூவர் அவை மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என வாதிட்டனர். அதனை மறுப்பாரும் பலர். இருமொழியில் எழுதிய கல்லோ முத்திரையோ இதுகாறும் அகப்படவில்லை. மார்ஷல் தம் கருத்துக்குக் கொண்ட ஆதாரம் உருவமே. அவ்வுருவத்தின் மேல் பொறித்த குறிகள் என்ன சொல்லுகின்றன என்பதை அவர் கூறவில்லை. எல்லாரும் ஒப்பும்படி வேறு எவரும் இன்றளவும் கூறிற்றிலர்.