திருவையாறும் ஒரு பெங்களூர் அம்மாவும்

ஜப்பானுக்கு ஆணி பிடுங்கப் போயிருக்கும் நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். பிவா ஏரிப்பக்கம் ஒட்சு என்ற ஊரில், ஹைக்கூ கவிஞர் பாஷோவின் சமாதி. "1694ல செத்தவருக்கு இன்னும் மரியாதை பண்றாங்கடா, நம்ம ஊர்ல யாருக்காச்சும் இப்படி இருக்கா?"ன்னு கேள்வி வேற. தஞ்சாவூர்க்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது? :-)

திருவையாறு காவிரிக்கரையில தியாகராஜர் சமாதி இருக்கே! கடைசி நேரத்தில் சந்நியாசம் வாங்கிக்கொண்டவர் என்பதால் எரிக்காமல் அடக்கம் செய்தார்கள். அது 1847, ஜனவரி 6. அப்புறம் கவனிக்க ஆளில்லை. 1903ல் சீடர்கள் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து பார்த்தபோது பாழடைந்து கிடந்தது. சரி பண்ணினார்கள். ஆனாலும் 1921ல் பழைய குருடி கதவைத் திறடி.

இங்கேதான் நம்ம கதாநாயகி வர்றாங்க. பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் 1878ல் பிறந்தவர், சென்னையில் பேர்பெற்ற பாடகி. குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதத்தில் சமாதியின் நிலைமை தெரிந்தது. நிலத்தை வாங்கி, சொந்தக் காசைப் போட்டு, கோயிலே எழுப்பிவிட்டார். கும்பாபிஷேகம் 1926, ஜனவரி 7.

கட்டினது அந்தம்மா. ஆனா ஆராதனையில பாடக்கூடாதாம், பொம்பளையாச்சே! பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ரெண்டு கோஷ்டி அப்போ தனித்தனியா ஆராதனை நடத்திட்டு இருந்தாங்க. மத்த எல்லாத்துக்கும் சண்டை, இதுல மட்டும் ஒத்துமை. அம்மா அசரவில்லை. 1927ல் பெண்களைத் திரட்டி சமாதிக்குப் பின்பக்கம் தனி ஆராதனையே நடத்தினார். ஆக, மூணாவது கட்சி! மூன்றும் ஒன்றானது 1940ல். அதுக்கப்புறம்தான் பெண்களுக்குப் பொதுவில் இடம்.

அவருக்குச் சண்டை ஒண்ணும் புதுசில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் சபையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண்கவி தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனமு நூலை 1910ல் வெட்டாமல் கொத்தாமல் முழுசாகப் பதிப்பித்தவர். ஆபாசம்னு வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்டது. தடை நீங்க 1947 ஆகிவிட்டது.

1952ல் அம்மா காலமானார். தியாகராஜர் சன்னிதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி, கைகூப்பி உட்கார்ந்த சிலையோடு. சின்ன வயசுல ஆராதனைக்குப் போனப்பல்லாம் யாரோ ஊர்ப்பாட்டின்னு நினைச்சு, அந்த நிழல்லயே உக்காந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கேன்.

நண்பனுக்கு ரெண்டு படம் அனுப்பிட்டேன். முதல்ல அம்மா படம்.