எல்லா நீலப்பறவைகளும்

அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு குயில்ட் இருக்கிறது. குயில்ட் என்றால் இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலப் போர்வை. இதில் 15 கட்டங்கள். துணியில் உருவங்களை வெட்டி மேலே வைத்துத் தைத்திருக்கிறார்கள். யோபு, யோனா, ஆதாம் ஏவாள் என்று பெரும்பாலும் பைபிள் கதைகள். நடுநடுவே பைபிளில் இல்லாத சில கட்டங்களும் உண்டு. அதில் ஒன்று மூன்றாவது வரிசையின் முதல் கட்டம். பெயர் 'குளிர் வியாழன்'.

தைத்தவர் ஹாரியட் பவர்ஸ். 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு ஏதென்ஸ் என்ற ஊர்ப்பக்கம் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் நிலம் இருந்தது. 1890களில் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போனது. அந்தக் காலத்தில், 1895க்கும் 1898க்கும் இடையில், தைத்த போர்வை இது.

கட்டங்களுக்கு அவர் சொன்ன விளக்கங்கள் எழுத்தில் இருக்கின்றன. குளிர் வியாழனுக்கு உள்ளது வெறும் பட்டியல்தான். ஜெபம் செய்தபடியே உறைந்துபோன ஒரு பெண். வெளிவாசலில் உறைந்த இன்னொருத்தி. மாவு மூட்டையோடு ஒருவன். சாராய ஜாடியோடு ஒருவன். விட்ட மூச்சு பனிக்கட்டியாகத் தொங்கும் ஒரு கோவேறு கழுதை. இவர்களுக்கு நடுவில், அதே குரலில், இன்னொரு தகவல்: நீலப்பறவைகள் எல்லாம் செத்துவிட்டன.

தேதி 1895 பிப்ரவரி 10 என்று இருக்கிறது. நான் மென்பொருள் ஆள், எதையும் சரிபார்க்காமல் விட மாட்டேன். காலண்டரைப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை! அப்போ கதை விடுகிறாரா? இல்லை. தென் மாநிலங்களை அந்தக் குளிரலை தாக்கியது 7ஆம் தேதியை ஒட்டி. 7ஆம் தேதி வியாழன். கிழமை சரி, தேதிதான் பிசகு. சர்வர் லாக் படிப்பவர்களுக்கு இது பழக்கம்தான். டைம்ஸ்டாம்ப் தப்பாக இருக்கும், சம்பவம் நடந்திருக்கும்.

சரி, பறவைகள்? நீலப்பறவை காட்டின் உள்ளே ஒளிந்து வாழ்வதில்லை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, நீல முதுகு, செம்பழுப்பு மார்பு. வயலோரத்திலும் வேலிக்கம்பத்திலும் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், மரப்பொந்தில் கூடு வைக்கும். பண்ணை வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்தாலே கண்ணில் படும். வடக்கே கோடையைக் கழிப்பவை பனிக்காலத்துக்குத் தெற்கே இறங்கும். அந்த வருடம் தெற்கே காத்திருந்தது கொலைக்குளிர். பூச்சிகள் இல்லை, பழங்களைப் பனி மூடிவிட்டது. குளிரிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த வசந்தத்தில் வடக்கே இருந்த பறவை ஆர்வலர்கள் காத்திருந்து பார்த்தார்கள். அரிதாகத்தான் வந்தன. பழைய எண்ணிக்கைக்குத் திரும்பப் பல வருடங்கள் ஆயின. 'எல்லாம்' என்பது கணக்குப்படி மிகை. ஆனால் தன் முற்றம் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பவருக்கு அது மிகையே இல்லை.

அந்தக் குளிர்காலத்தை அமெரிக்க வரலாறு வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தன, நிலத்தின் விலை சரிந்தது. பணம் போன இடத்தில் பதிவு இருக்கும். பறவை போனதை யார் எழுதுவார்கள்? ஹாரியட் தைத்தார். செத்த மனிதர்களுக்குப் பக்கத்தில், அதே பட்டியலில்.

இந்தப் பதிவு நமக்குக் கிடைத்ததும் அதிர்ஷ்டம்தான். அவருடைய இன்னொரு குயில்ட், 1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். தர மறுத்துவிட்டார் ஹாரியட். சில வருடங்களில் பணமுடை வந்தது. 10 டாலர் கேட்டார், 5 டாலர் கிடைத்தது. அந்தக் குயில்ட் இன்று ஸ்மித்சோனியனில் இருக்கிறது. விற்ற பிறகும் சில முறை அந்த வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்கள் அப்படித்தான் போவார்கள்.

குளிரை மறக்கத்தான் போர்வை. இந்தப் பெண் அதிலேயே குளிரைத் தைத்து வைத்தார், அதில் செத்தவர்களை ஒருவர் விடாமல். நீலப்பறவைகள் பிறகு திரும்பி வந்தன. ஒருமுறை அவை வராமல் போனதை அந்தக் கட்டம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.