ஒட்டியதை உதறும் தோல்: ஒரு சூத்திரமும் உரையும்

கொச்சித் துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம் வில்லிங்டன் தீவு. சுற்றிலும் காயல். அந்நீரில் கிடக்கும் படகின் அடியிலும் மீன்கூண்டு வலையிலும் பாசியும் கொட்டலசும் விடாமல் பற்றும். இதற்கு மருந்தாகக்கூடிய ஓர் அறிவியலை ஒரே சூத்திரமாக எழுதி, அதற்கு உரை சொல்கிறேன்.

“மெத்தென்ற உடலில் ஒட்டிய விறைத்த மெல்லிய தோல், நெருக்கினால் அளவாய் மடியும், தூண்டினால் உருமாறும், பற்றியதை உதறும்.”

‘மெத்தென்ற உடல்’: சிலிக்கோன் ரப்பர் போன்ற பாலிமர். 1998இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஒயிட்சைட்ஸின் குழுவினர் அதைச் சூடாக்கி, மேலே தங்கத்தை ஆவியாகப் படியவிட்டு, ஆறவைத்தார்கள். ரப்பர் நிறையச் சுருங்கியது. தங்கத்தால் அவ்வளவு சுருங்க முடியவில்லை. இடம் போதாத தோல் அலை அலையாக மடிந்தது.

‘ஒட்டிய’ என்றது வீண் சொல் அன்று. பிடிப்பு இல்லையென்றால் தோல் ஒரே இடத்தில் உப்பி உரிந்துவிடும்.

‘அளவாய்’: சூத்திரத்தின் உயிர் இச்சொல்லில் இருக்கிறது. தோலுக்குப் பெரிய மடிப்பு எளிது, அடியிலுள்ள உடலுக்குச் சிறிய மடிப்பு எளிது. இரண்டும் இணங்கும் இடத்தில் மடிப்பின் அகலம் நிற்கிறது. தோலின் தடிமன் இரு மடங்கானால் அகலமும் இரு மடங்கு. விறைப்போ எட்டு மடங்கு கூடினால்தான் அகலம் இரு மடங்காகும். உடலைவிட ஆயிரம் மடங்கு விறைத்த தோலில், மடிப்பின் அகலம் தடிமனைப் போல ஏறத்தாழ 44 மடங்கு. நூற்றுக்கு அரைப் பங்கு நெருக்கினாலே மடிப்பு எழும். அச்சு வேண்டாம், செதுக்க வேண்டாம், கணக்கு மட்டும் போதும். எனக்கு இதில் தீராத வியப்பு.

‘தூண்டினால்’: சூடு, ஈரம், ஒளி, மின்னழுத்தம், இழுப்பு எதுவாகவும் இருக்கலாம். மடிந்தபோது பால்கண்ணாடி போல மங்கிய தகடு, இழுத்தால் தெளியும். தண்ணீரில் ஊறிய விரல் சுருங்குவதை இதற்கு உவமை சொல்வார்கள். அது பொருந்தாது, அச்சுருக்கம் நரம்பின் வேலை: நரம்பு அறுந்த விரல் அப்படிச் சுருங்குவதில்லை.

‘உதறும்’: கொட்டலசு பற்றாதிருக்கக் கப்பலடியில் முன்பு பூசிய டிரைபியூட்டைல்டின் நஞ்சு பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பை முளைக்கவைத்தது. உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்தது 2008இல். நஞ்சில்லாத வழியைத் தேடிய வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார், பெரிய மடிப்பின்மேல் சிறிய மடிப்பாக அடுக்கிய பரப்பைக் கடலில் மூழ்கவைத்தார்கள். 18 மாதம் கழிந்தும் கொட்டலசு பற்றவில்லை. 2013இல் டியூக் பல்கலைக்கழகத்தார் ஒருபடி மேலே போனார்கள்: மின்னழுத்தம் கொடுத்துப் பரப்பையே நெளியவைத்து, படிந்த நுண்ணுயிர்ப் படலத்தைப் பெயர்த்தார்கள்.

வில்லிங்டன் தீவிலேயே மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 1957இல் தொடங்கியது. கூண்டு வலைகளுக்கு நுண் தாமிர ஆக்சைடு பூச்சை ஆராய்ந்த இடம். மழைக்காலத்தில் உப்புக் குறைந்து, கோடையில் ஏறும் காயல் அதன் வாசலிலேயே கிடக்கிறது. அங்கு தேறாத பூச்சு நம் படகுகளுக்கு உதவாது. மடிப்புப் பரப்புள்ள பலகைகளை அந்த நீரில் ஓர் ஆண்டு முழுக்கத் தொங்கவிட்டு, கண்டதை மீனவர்களுக்குச் சொல்லுங்கள் என்று அங்குள்ள ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.