சதுரங்கம்: கற்றதும் கற்பித்ததும்

செஸ் நன்றாக ஆட என்ன வேண்டும் என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் "மூளை வேணும் சார்" என்பார்கள். பத்தாவது ஆள் "வேற வேலை இருக்கக் கூடாது" என்பார். இரண்டுமே முழுப் பதில் இல்லை என்பது என் கட்சி. அதை நிரூபிக்க மூன்று இடங்களின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று பஞ்சாப், ஒன்று லெனின்கிராட், மூன்றாவது நம்ம சென்னை. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. இதே கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர்களோடு குடித்தனம் நடத்துகிறவன். ஆனால் இந்தச் சரித்திரத்தின் நட்டநடுவில் எங்கள் பிராஞ்சுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் பஞ்சாப். மீர் சுல்தான் கான் என்று ஒருவர். சிறு வயதில் அவர் கற்றது நம் நாட்டுப் பழைய சதுரங்கம். அதில் காலாள் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நகரும். இன்றைய காஸ்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். இந்த விதிகளில் வளர்ந்த மனிதர், சர் உமர் ஹயாத் கான் என்ற பிரபுவின் ஆதரவில் ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்டு 1929ல் லண்டன் போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன்! 1932லும் 1933லும் மறுபடி அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபாபிளாங்காவையே தோற்கடித்தார். காபாபிளாங்கா என்றால் 1921லிருந்து 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். கிரிக்கெட்டில் பிராட்மேனை டக் அவுட் ஆக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்? 1933 கடைசியில் பிரபுவோடு இந்தியா திரும்பினார். அதற்குப் பிறகு எந்தச் சர்வதேசப் போட்டியிலும் அவரைக் காணோம். 1966ல் சர்கோதாவில் காலமானார். உலக செஸ் சம்மேளனம் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024ல். இறந்து 58 வருஷம் கழித்து. பட்டம் தாமதமானது கூடப் பெரிசில்லை. அவருக்குப் பின்னால் ஒரு சிஷ்யன் இல்லை, ஒரு கிளப் இல்லை, அவர் எழுதிய ஒரு புத்தகம் இல்லை. அவ்வளவு பெரிய திறமை ஒரு மனிதரோடு வந்து அவரோடேயே போய்விட்டது.

இரண்டாவது கதை லெனின்கிராட். அதே சமயத்தில் அங்கே மிகயீல் போட்வின்னிக் என்று ஒரு பையன். பிறந்தது 1911. செஸ் கற்றுக்கொண்டது 12 வயதில். இன்றைய கணக்கில் ரொம்ப லேட். இப்போதெல்லாம் ஐந்து வயதிலேயே கோச்சிங் போகிறார்கள். 1925ல் காபாபிளாங்கா லெனின்கிராடுக்கு வந்து ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடியபோது, அவரை ஜெயித்தவர்களில் 14 வயது போட்வின்னிக்கும் ஒருவர். படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். (இதைத்தான் முதலிலேயே சொன்னேன்!) 1948ல் உலக சாம்பியன், 1951ல் மின்பொறியியலில் டாக்டர் பட்டம். செஸ் ஒரு பக்கம், மின்சாரம் ஒரு பக்கம் என்று இரண்டையும் விடாமல் வைத்திருந்தவர்.

அவர் ஆடிய விதத்தைவிட, தன்னைத் தானே திருத்திக்கொண்ட விதம்தான் நமக்குப் பாடம். நம் வேலையை நினைத்துப் பாருங்கள். ஒரு ஃபீடர் ட்ரிப் ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ண மாட்டோம். எந்த ரிலே ஆபரேட் ஆச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு என்று லாக் புத்தகத்தைப் பார்ப்போம். போட்வின்னிக் தன் மூளைக்கே லாக் புத்தகம் போட்டவர். ஆடிய ஆட்டத்தை எழுதி வைப்பார். தோற்ற ஆட்டத்தைப் பிரித்து மேய்ந்து, எந்த இடத்தில் நினைப்பு தவறியது என்று கண்டுபிடிப்பார். அதோடு நிறுத்தாமல் தன் அலசலை அச்சில் போட்டுவிடுவார். ஏன்? நாலு பேர் படித்துத் தப்பு சொல்வார்கள் அல்லவா? தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிறவன் எப்போதும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே வாங்குவான்!

பலவீனத்தைப் போக்க அவர் செய்தது இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்தில் ஆட்ட மேஜையிலேயே சிகரெட் பிடிப்பார்கள். புகை இவருக்கு ஆகாது. பயிற்சி ஆட்டங்களில் நண்பர் ரகோசினை எதிரே உட்கார வைத்து, வேண்டுமென்றே புகை விடச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

இதற்கெல்லாம் பலன் உண்டா? 1960ல் மிகயீல் தால் என்ற 23 வயது இளைஞர் இவரை 12.5 - 8.5 என்று கவிழ்த்துப் பட்டத்தைப் பறித்தார். தால் ஆட்டம் தீபாவளி மாதிரி. எந்தப் பக்கம் எது வெடிக்கும் என்று தெரியாது. கிழவர் முடிந்தார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். போட்வின்னிக் அந்த ஆட்டங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வருஷம் படித்தார். 1961ல் மறு போட்டி. 13 - 8 என்று பட்டம் திரும்பி வந்தது. அப்போது அவருக்கு வயது 49.

1963ல் பெட்ரோசியானிடம் பட்டம் போனது. ஆனால் அவர் நடத்திய பள்ளியில் உட்கார்ந்து பாடம் கேட்ட பையன்களின் பெயரைப் பாருங்கள்: கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக். மூவரும் பிற்பாடு உலக சாம்பியன்கள். அங்கேயும் பாடம் அதேதான். உன் ஆட்டத்தைக் கொண்டு வா, எல்லார் முன்னாலும் காட்டு, ஏன் அப்படி நகர்த்தினாய் என்று சொல்லு.

சோவியத் நாட்டில் இதற்குப் பின்னால் அரசாங்கத்தின் பணமும் பலமும் இருந்தது உண்மை. அதில் இருட்டும் இருந்தது. செஸ்ஸை நாடெங்கும் பரப்பிய கிரிலென்கோவை 1938ல் அதே அரசாங்கம் சுட்டுக் கொன்றது. அந்த அரசியல் நமக்கு வேண்டாம். அந்த முறை வேண்டும். 1972ல் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கியை வீழ்த்திய அமெரிக்கர் ஃபிஷர்கூட, ரஷ்ய செஸ் பத்திரிகைகளைப் படிப்பதற்காகவே ரஷ்ய மொழி கற்றவர். எழுதி வைத்த பாடத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

அதே 1972ல்தான் அந்தப் பாடம் மெட்ராசுக்கு வந்து சேர்ந்தது. சோவியத் கலாசார மையத்தில் ஒரு செஸ் கிளப் தொடங்கினார்கள். பெயர் தால் செஸ் கிளப். போட்வின்னிக்கைக் கவிழ்த்த அதே தால். தொடங்கியவர் மானுவல் ஆரோன். 1961லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது தடவை தேசிய சாம்பியன். நம் நாட்டுக்கு இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் கிடைக்க 1978 வரை, அதாவது 17 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வி. ரவிக்குமார், அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். ஆரோன் நினைத்திருந்தால் "நான் ஒருத்தன்தான்" என்று அந்த 17 வருஷமும் மாலை வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் கிளப் நடத்தினார், எழுதினார், சின்னப் பசங்களுக்குக் காட்டிக் கொடுத்தார். சுல்தான் கானுக்குக் கிடைக்காத ஒன்றை மெட்ராஸ் பையன்களுக்குக் கிடைக்கச் செய்தார்.

அந்த கிளப்புக்கு வந்த பையன்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். ஆறு வயதில் அம்மா சுசீலா கற்றுக்கொடுத்த ஆட்டம். கிளப்பில் பிளிட்ஸ் ஆட்டம் ஒன்று நடக்கும். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி முறை வர எவ்வளவு நேரமோ! எழுந்திருக்காமல் இருக்க ஒரே வழி ஜெயிப்பதுதான். ஆனந்தின் மின்னல் வேகத்துக்கு அங்கேதான் அஸ்திவாரம். 1983ல் தேசிய சப் ஜூனியரில் 9க்கு 9. 1987ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அந்தத் தகுதியை அவர் பூர்த்தி செய்தது நம்ம கோயம்புத்தூரில். 2000லும், பிறகு 2007லிருந்து 2013 வரையும் உலக சாம்பியன்.

சங்கிலி அங்கேயும் அறவில்லை. கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் 2008ல் சென்னையில் செஸ் குருகுலம் ஆரம்பித்தார். பிரக்ஞானந்தா, வைஷாலி என்று அண்ணன் தங்கை இல்லை, அக்கா தம்பி. இருவரும் அவரிடம் பயின்று கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். உலகத்திலேயே அப்படி ஒரு அக்கா தம்பி ஜோடி இவர்கள்தான் முதல். குகேஷ் 2013ல் பள்ளிக்கூடத்தில் காய் நகர்த்தக் கற்றவர். அவருக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பல வருஷம் பையனைக் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை. விடையை மெஷின் சொன்னால் பையன் யோசிக்க மாட்டான், முதலில் சொந்தமாகத் தப்பு பண்ணட்டும் என்ற எண்ணம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரேனை 7.5 - 6.5 என்று வென்றபோது குகேஷுக்கு வயது 18. இந்தத் தலைமுறைக்கு ஆனந்தும் வழிகாட்டியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நம் கல்லூரி மலரில் ஏன் எழுதுகிறேன்? எங்கள் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். மெஸ் முடிந்ததும் போர்டைப் பரப்புவார். நாலு வருஷம் அவரை யாரும் ஜெயித்ததில்லை. எதிரே இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹிண்டு பேப்பரில் குறுக்கெழுத்து போடுவார். கோர்ஸ் முடிந்தது, டிரங்குப் பெட்டியோடு போய்விட்டார். அடுத்த வருஷம் எங்கள் பிளாக்கில் செஸ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் ஆடிய ஒரு ஆட்டம்கூட எழுதப்படவில்லை. சுல்தான் கான் கதையைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. செஸ் என்று இல்லை. சர்க்யூட் டிசைன், வெல்டிங், மேடைப் பேச்சு, எல்லாவற்றிலும் இப்படி எத்தனை சுல்தான் கான்களை வழியனுப்பி வைத்திருக்கிறோம்!

ஆகவே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. போனில் ஒரு ராத்திரிக்கு முப்பது ஆட்டம் ஆடுவதால் விரல்தான் தேறும். வாரத்துக்கு ஒரு ஆட்டம் நிதானமாக ஆடுங்கள். நகர்த்தல்களை நோட்டில் எழுதுங்கள். தோற்றால் ஜெயித்தவரையே பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே விட்டேன் என்று கேளுங்கள். எஞ்சினை அதற்கப்புறம் திறக்கலாம்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் சார்பில் கேடயம் கொடுப்பது சந்தோஷம்தான். அது கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். அதோடு மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், உள்ளூரில் இருக்கும் நாம் இரண்டு பேர் ஹாஸ்டலுக்குப் போய் உட்காரலாம். நாலு போர்டு, இரண்டு கடிகாரம், ஒரு தடி நோட்டு போதும். கடிகாரம் இரண்டும் என் செலவு. செஸ் ஆடத் தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேறு எதையாவது சொல்லிக் கொடுக்கட்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், இன்று மதியச் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் செயலாளர் மேஜையில் இருக்கும் தாளில் எழுதிவிட்டுப் போங்கள்.