பெலெனிக்ஸ்: பெங்களூருவில் உருவான ஓர் இயங்குதளத்தின் வரலாறு

பெங்களூருவின் கணினி வரலாறு வழக்கமாக 1983இல் இன்ஃபோசிஸ் புனேயிலிருந்து இடம்பெயர்ந்ததையும், 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கு மையம் திறந்ததையும் சொல்லித் தொடங்கும்; பிறகு ஏற்றுமதிக் கணக்குகளுக்குள் புகுந்துவிடும். அந்நகரில் உருவான பெலெனிக்ஸ் என்னும் திறமூல இயங்குதளத்துக்கு அக்கணக்குகளில் இடமில்லை. விலையின்றிக் கொடுக்கப்பட்ட பொருளுக்கு வருவாய் ஏது? ஆர்வலர்களின் ஆக்கம் ஒன்று ‘நின்றுபோனது’ என்று வரலாற்று மாணவர் எப்போது எழுதலாம் என்ற கேள்வியே என்னை இதன்பால் ஈர்த்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005 ஜூன் 14 அன்று தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் பெரும்பகுதியை ஓப்பன்சோலாரிஸ் என்ற பெயரில் வெளியிட்டது. சில நாள்களிலேயே ஜெர்மனியில் ஷில்லிக்ஸ் என்ற குறுவட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் சன் நிறுவனத்தின் பெங்களூருப் பொறியியல் மையத்தில் பணியாற்றிய மொய்னாக் கோஷ் உள்ளிட்டோர், வரைகலை இடைமுகத்துடன் குறுவட்டிலிருந்தே இயங்கும் பதிப்பைக் கொண்டுவந்தனர். பின்னர் அது பெங்களூரு ஓப்பன்சோலாரிஸ் பயனர் குழுவின் கைக்கு வந்தது. கெல்டியரின் சூரியக் கடவுளான பெலெனோஸ் என்பதிலிருந்து பிறந்தது இப்பெயர். சன் என்பதன் மீதான சிலேடை. (சூரியனுக்கு நம் மொழிகளில் பெயர்ப் பஞ்சமா என்று கேட்கத் தோன்றுகிறது.)

சம்பளம் பெறும் பொறியாளர் செய்ததை ஆர்வலர் பணி எனலாமா என்று நண்பர்கள் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் பெலெனிக்ஸ் இடம்பெற்றதில்லை. அதைத் தாங்கியது பயனர் குழுவே. அலுவலகமும் ஆர்வமும் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்ட நகரம் அது. இரண்டையும் கோடு போட்டுப் பிரிப்பது பிற்கால ஆய்வாளரின் வசதிக்கே உதவும்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு குறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. அவ்வேகத்தில் ஒரு குறுவட்டை இறக்க ஆறு மணி நேரமாகும். ஆகவே எல்லாம் ஒரே வட்டில் அடங்கியாக வேண்டும். கோப்பு முறைமையையே சுருக்கி வைத்து, தேவைப்படும் துண்டை மட்டும் விரித்துப் படிக்கும் முறையை அவர்கள் கையாண்டனர். அடுத்த தடை, வேகம். வன்தட்டின் தலைமுனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லச் சுமார் 10 மில்லிநொடி போதும். குறுவட்டு இயக்கிக்கு அதைப் போல் பத்து மடங்கு வேண்டும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் திறக்கப்படுகின்றன. அவை எந்த வரிசையில் படிக்கப்படுகின்றன என்பதைச் சோலாரிஸின் டிடிரேஸ் கருவியால் பதிவுசெய்து, அதே வரிசையில் வட்டில் அடுக்கினர். பலசரக்குக் கடைக்காரர் அதிகம் விற்கும் பொருளைக் கைக்கெட்டும் தட்டில் வைப்பது போன்ற யோசனைதான். ஆனால் எது எப்போது எடுக்கப்படுகிறது என்பதை முதலில் அளந்தாக வேண்டும்.

2007 மார்ச்சில் டெபியனை நிறுவிய இயன் மர்டாக் சன் நிறுவனத்தில் சேர்ந்து, இண்டியானா என்ற திட்டத்துக்குத் தலைமையேற்றார். அதன் விளைவான ஓப்பன்சோலாரிஸ் 2008 மே மாதம் வெளியானது. அதன் நேரடிக் குறுவட்டு நுட்பம் பெலெனிக்ஸிலிருந்து வந்தது. ஆர்வலர் பணிக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது. ஆனால் நிறுவனமே அத்தகைய வட்டை வழங்கத் தொடங்கிய பின், தனிப் பதிப்புக்கான தேவை குறைந்தது. பெலெனிக்ஸ் 0.7.1 அதே ஆண்டு ஜூலையில் வந்தது; அதன் பின் வேகம் தளர்ந்தது.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன் நிறுவனத்தை வாங்கியது. ஆகஸ்டில் ஓப்பன்சோலாரிஸ் வெளியீடுகள் நிறுத்தப்பட்டன. இங்கே உரிமத்தின் பங்கு பெரிது. ஓப்பன்சோலாரிஸ் வெளியிடப்பட்ட சிடிடிஎல் உரிமம் ஜிபிஎல் உரிமத்துடன் ஒத்துப்போகாதது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. எனவே சோலாரிஸ் கெர்னலைச் சார்ந்த உழைப்பு லினக்ஸுக்கு எளிதில் குடிபெயர முடியவில்லை. ஆனால் அதே உரிமத்தின்படி, ஒருமுறை கொடுத்த நிரலை நிறுவனம் திரும்பப் பெறவும் முடியவில்லை. மிச்சமிருந்தவை ஒருபோதும் திறக்கப்படாத சில பகுதிகள். சி நூலகத்தின் பன்மொழி ஆதரவு அவற்றுள் ஒன்று. அவற்றைப் புதிதாக எழுதி, தாய் நிறுவனத்தைச் சாராமல் தொடரும் நோக்குடன் அந்த ஆகஸ்டிலேயே இல்லுமோஸ் அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் ஓப்பன்இண்டியானா பிறந்தது.

பெலெனிக்ஸ் என்ற பெயரில் இன்று எதுவும் வளரவில்லை. ஓப்பன்இண்டியானாவோ இன்றும் தன்னார்வலர்களால் வெளியிடப்படுகிறது. அதன் நேரடி வட்டு இப்போதும் சுருக்கப்பட்ட கோப்பு முறைமையை விரித்துப் படித்தே தொடங்குகிறது. பெயரைப் பின்தொடரும் ஆய்வாளர் 2008ஐ ஒட்டிக் கோப்பை மூடிவிடுவார். நிரலைப் பின்தொடர்பவரால் மூட இயலாது. நான் இரண்டாமவர் பக்கம்.

அந்நாள்களில் பெங்களூருவில் படித்தவர்கள், பணியாற்றியவர்கள் எவரிடமேனும் பெலெனிக்ஸ் குறுவட்டோ, பயனர் குழுக் கூட்டத்தின் துண்டறிக்கையோ இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். வட்டு கீறல் விழுந்திருந்தாலும் எறிந்துவிட வேண்டாம். கோப்புகளின் அடுக்கு வரிசையைப் படித்தெடுக்க முடியுமா என்று பார்க்கலாம்.